இரண்டு விரல் கிளட்ச்

…மலிவாகக் கிடைத்தது என்றுதான் ஒவ்வொன்றுக்கும் சொல்கிறான், வண்டியின் சீட்டுக்கும் அதேதான், ஹேண்டில்பாருக்கும் அதேதான், ஒரே குளிர்காலத்தில் ஒரு மனிதனுக்கு இத்தனை அதிர்ஷ்டமா, அதுவும் கலெர்வோவுக்கு, என் புருஷனுக்கு, காபிப்பொடி தள்ளுபடிக்கு வரும் வாரம்வரை வெறும் வெந்நீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக்கூடியவனுக்கு… இல்லை, இதில் ஏதோ இருக்கிறது. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், அவன் நீராவிக் குளியலுக்காகச் சௌனா அடுப்பை மூட்டப் போயிருக்கிறான், பிர்ச் விறகுப் புகை இங்கே வரை வருகிறது. "முடிஞ்சிருச்சு சிர்கா, உக்காந்து பாரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனான். ஏன் பார்க்கவில்லை? வேலையை முடித்த மனிதன் பக்கத்தில் நின்று நாலு நல்ல வார்த்தை வாங்கிக்கொண்டு போவானா, விறகை அள்ளிக்கொண்டு நழுவுவானா?

என் வண்டி இது. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று சேர்த்த என் காசு. சீசன் முடிந்து, ஷோரூம்காரன் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தபோது வாங்கிய புது க்ரூஸர் மோட்டார் சைக்கிள். அப்போது கலெர்வோ என்ன சொன்னான், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இது, முழங்காலுக்குத் தைலம் வாங்கலாம்" என்றான். அப்படிச் சொன்னவன் கிறிஸ்துமஸுக்குப் பிறகு திடீரென்று தானே வந்து, வண்டியை மாத்தறதுக்கு வெளியே குடுக்காதே, நானே செய்யறேன், செலவு வைக்க மாட்டேன் என்றான். நானும் சரி என்றுவிட்டேன், கையில் மிச்சமிருந்ததும் கொஞ்சம்தான். நான் கேட்டது என்ன? கை தோளுக்கு மேலே போகிற மாதிரி உயர ஹேண்டில்பார், அடிவயிறு அதிர்கிற சைலன்சர், அவ்வளவுதானே. மே முதல் நாள் ஊர் வண்டிகளெல்லாம் சந்தைத் திடலில் கூடிக் கடற்கரைக்குக் கிளம்பும்போது நான் வருவது தேவாலயம்வரை கேட்க வேண்டும். வந்தது என்ன? சைலன்சர் கம்பெனி கொடுத்தது அப்படியே இருக்கிறது. ஹேண்டில்பார் உயரவில்லை, பின்னால் வளைந்து மடிக்கே வந்துவிட்டது, குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி மாதிரி. கைப்பிடிக்குத் தடித்தடியாக ரப்பர், அதுவும் அழுகின பீட்ரூட் நிறத்தில். கிளட்ச் லீவர் யாரோ நடுவில் நறுக்கிவிட்ட மாதிரி குட்டை. என்ன இது, பாதிதானே இருக்கு என்று கேட்டதற்கு "பாதி விலைக்குக் கெடச்சுது" என்றான், சிரிக்கவும் இல்லை.

முதலில் விற்கப் பார்க்கிறானோ என்றுதான் நினைத்தேன், யார் வந்து உட்கார்ந்தாலும் பொருந்துகிற மாதிரி வண்டியைச் சாதுவாக்கி, ஒருநாள் நான் வேலைக்குப் போயிருக்கும்போது… ஆனால் பத்திரம் என் பேரில் இருக்கிறது, அது முடியாது. அப்புறம் அந்த ரெய்மோ, அவன் கூட்டாளி, வாரக் கடைசி ஆனால் இங்கேதான் கிடை. நான் காபித் தட்டோடு நுழைந்தால் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துப்போகும், "வாங்க மகாராணி, பன்னு இருக்கா" என்பான் ரெய்மோ, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் மட்டும் வெளியில் நின்று கேட்டேன். "லீவர் குட்டைன்னா இழுக்கக் கஷ்டமாச்சேப்பா, நீளம் இருந்தாத்தானே லேசு?" இது ரெய்மோ. "அதுக்குத்தான்டா கீழ இதைப் போடறேன்" என்றான் கலெர்வோ. எஞ்சின் ஓரத்தில் கேபிள் மாட்டுகிற துண்டைக் கழற்றிவிட்டு, பழைய வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் இரும்பை அறுத்து, நீளமாக ஒன்று செய்திருக்கிறான். இப்போது குனிந்து பார்க்கிறேன், நன்றாக ராவி, விளிம்பெல்லாம் மழமழவென்று… கஞ்சன் வேலை என்றாலும் சுத்தமான வேலை. ஆனால் எதற்கு? முதலில் குட்டையாக்கிக் கஷ்டத்தை வரவழைப்பானேன், பிறகு அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க ராத்திரியெல்லாம் ராவுவானேன்? முழு லீவரை அப்படியே விட்டிருக்கலாமே.

அப்புறம் மெர்வி. ரெய்மோவின் தங்கை, என்னை மாதிரியே குள்ளம், குட்டிக் கை, போன வருடம் விவாகரத்தானவள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன், கொட்டகைக் கதவு திறந்து கிடக்கிறது, அவள் என் வண்டிமேல், என் சீட்டில், இவன் பக்கத்தில் குனிந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக… அவள் சிரிக்கிறாள். இவன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம், விளையாட்டுக்குச் செய்பவன் சிரிப்பான் அல்லவா? ராத்திரி சாப்பிடும்போது, மெர்வி வந்தாளா என்று சாதாரணமாகக் கேட்டேன். "ஆமா, அளவு பாக்க" என்றான், உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே. என் வண்டிக்கு அவள் அளவு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் என்னை ஒன்று கேட்டிருப்பானோ என்னவோ. மனிதன் ஒரேயடியாக மாறிவிட்டான், வீட்டுக் காரியத்திலும் அசட்டை, ஊறுகாய் பாட்டில் ஒன்றுகூட இறுக்கி மூடியிருப்பதில்லை, போன மாதம் வெள்ளரிக்காய்த் தண்ணீர் பை முழுக்கக் கொட்டி… "கையில சத்து இல்லையா உனக்கு" என்று கத்தினேன். துணியை எடுத்துத் தரையைத் துடைத்தான்.

சத்து. யார் கையில் சத்து இல்லை என்று எனக்குத் தெரியாதா. இடது கை, கடைசி இரண்டு விரல். இலை உதிர்கிற காலத்திலிருந்தே அவை என்னுடையவை போல இல்லை, பக்கத்து வீட்டுக்காரியுடையவை போல இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் பட்டாணி சூப் அண்டாவைக் கீழே போட்டேன், பிடி ஈரமாக இருந்தது என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். அப்பாவுக்கும் இங்கேதான் ஆரம்பித்தது, இதே இரண்டு விரல், கடைசியில் அவர் சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட வேண்டியிருந்தது. டாக்டரிடம் போனால் ஒரு பேர் சொல்வார். பேர் இல்லாதவரை அது வெறும் மரத்துப்போன விரல், குளிர், வயசு, என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் சரியாகிவிடும் என்றுதான்… முழு லீவரை நான் எப்படி இழுத்திருப்பேன்? கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் எத்தனை தடவை இழுக்க வேண்டும், யோசிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, உட்கார்ந்தாயிற்று, இழுத்துத்தான் பார்ப்போம். கையை வைக்கிறேன். ரப்பர் தடியாக இருக்கிறது, இறுக்க வேண்டியதில்லை, கை தானாகவே நிற்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டும் லீவர்மேல். லீவர் அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் அங்கே வேலையே இல்லை, அவை ரப்பர்மேல் சும்மா படுத்திருக்கின்றன. இழுக்கிறேன், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வருகிறது. விடுகிறேன். மறுபடி இழுக்கிறேன். மெர்வி… ஜன்னலிலிருந்து பார்த்தது இப்போதுதான் சரியாகத் தெரிகிறது, அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, மடக்கிக்கொண்டிருந்தான், கடைசி இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டு, இப்போது இழு என்று… எந்த இரண்டை மடக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது? அப்படியென்றால் அந்தப் பாட்டில்கள். அசட்டை இல்லை. நான் திறப்பதற்காக. கடவுளே, நான் கத்தினேனே, அவன் துடைத்தானே. எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அண்டாவுக்கு முன்பா, பின்பா, நான் மறைக்க மறைக்க எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டு… அவன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. கண்ணிலும் ஏதோ வருகிறது, அது வேறு.

வெளியே சரளைக்கல்லில் காலடி. கதவைத் திறக்காமல் அந்தப் பக்கமே நிற்கிறான்.

"எப்படி இருக்கு?"

"ரப்பர் நெறம் சகிக்கல."

"மலிவா கெடச்சுது" என்கிறான். "சௌனாக் கல்லு சூடாயிருச்சு, வா."

வருகிறேன் என்கிறேன், இறங்கவில்லை. இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வலிக்கவே இல்லை, மே முதல் நாள் கடற்கரை என்ன, அதற்கு அப்பாலும் போகலாம், அவ்வளவு லேசு. எனக்கு மட்டும் தெரிந்திருந்தவரை இந்த விரல் விஷயம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடக்கூட வாய்ப்பிருந்தது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரியும், இரும்பை அறுத்து ராவுகிற அளவுக்குத் தெரியும், அவனோ இல்லாத ஒன்றுக்காக ஒரு ஆணியைக்கூடச் செலவழிக்க மாட்டான்…