தூக்குக்குண்டு சாய்ந்த ஒன்பது ஆண்டுகள்

சந்தையின் முகப்புக் கூரை இடிந்து எட்டாம் நாள், பெரிய மேஸ்திரி சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு சாய்வாகத் தொங்கத் தொடங்கியது. காற்று இல்லை, நூலில் முறுக்கு இல்லை, குண்டு அரைக்கிலோ பித்தளை. மேஸ்திரி நூலைப் பிடித்தால் அது நேரே கீழே இறங்காமல் நான்கு விரல் தள்ளி ஒரு பக்கமாக நின்றது. மகன்கள் இருவர் பிடித்தாலும் அப்படியே. மருமகன் பிடித்தபோது மட்டும் ஒழுங்காக நின்றது. "அவர் உங்க வம்சம் இல்லையே" என்றாள் மேஸ்திரியின் மனைவி, துவைத்த துணியை மடித்தபடி. 

ஊரின் கோயில் மதிலும் தேவாலயக் கோபுரமும் மசூதியின் மினாரும் அந்தக் குடும்பம் கட்டியவை. மூன்றின் வாசலிலும் குடும்பப் பெயர் பொறித்த கல் உண்டு. ஆகவே கட்டட வேலையில் விபத்து என்றால் பூசாரி, பாதிரியார், இமாம் மூவரும் சந்தையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து விசாரிப்பார்கள். மேஸ்திரி சொல்வதே நடந்ததாகக் கொள்ளப்படும். புதிதாய் வார்த்த முகப்புக் கூரை இறுகும்வரை, முட்டுக்கொடுத்த கம்புகள் பதினான்கு நாள் நின்றிருக்க வேண்டும். வேறொரு வேலைக்குக் கம்பு போதாததால் ஒன்பதாம் நாளே அவற்றைப் பிரிக்கச் சொன்னவர் மேஸ்திரி. பன்னிரண்டாம் நாள் கூரை விழுந்ததில் ஒரு சைக்கிளும் இரண்டு மூட்டை வெங்காயமும் நசுங்கின. பெஞ்சு கேட்டபோது மேஸ்திரி, "நான் சொல்லல. இடக்கையன் தானா பிரிச்சுட்டான்" என்றார். இருபத்திரண்டு வருஷம் அவரிடம் கம்பு கட்டிய இடக்கையர் வாயைத் திறந்தார். பெஞ்சு எழுந்துவிட்டது. பிறகு ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக்கடையில் அவர் குடை பழுது பார்க்க உட்கார்ந்தார்.

மேஸ்திரி ஒன்பது ஆண்டுகளைத் தூக்குக்குண்டைத் தொடாமல் ரசமட்டத்தை வைத்தே ஓட்டினார். சுவர்கள் நேராகத்தான் எழுந்தன. குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த வம்சத்தில் ஒரு முறை உண்டு. மூத்த மகன் பொறுப்பேற்கும் நாளில், ஊர் கூடியிருக்க, தகப்பன் கையிலிருந்து தூக்குக்குண்டை வாங்கி ஒருமுறை தொங்கவிட்டுக் காட்ட வேண்டும். அது நேராக நின்ற பிறகுதான் அவன் மேஸ்திரி. மகனுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. ஊர் முன்னால் குண்டு சாய்ந்தால் நான்கு தலைமுறைப் பெயர் அதோடு போயிற்று.

மேஸ்திரி முதலில் கோயிலுக்குப் போய், மண்டபக் கொக்கியில் தன் கையால் குண்டைக் கட்டினார். அது கிழக்கே சாய்ந்தது. தேவாலயத்தில் கட்டினார், தெற்கே சாய்ந்தது. மசூதித் தாழ்வாரத்தில் மேற்கே சாய்ந்தது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மூன்று தெய்வத்துக்கும் மூன்று அபிப்பிராயம் என்றால் அதை வழக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும், பாட்டனார் துணியில் வரைந்த ஊர்ப் படத்தை விரித்து, மூன்று இடத்திலிருந்தும் குண்டு காட்டிய பக்கம் ஒவ்வொரு கோடு இழுத்தார். மூன்று கோடுகளும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், குடைக்கடையில் வந்து முட்டின. அளவில் பிழை இருக்குமோ என்று இன்னொரு முறை இழுத்தார். அந்தக் குடும்பத்தில் அளவு பிழைத்ததில்லை.

மறுநாள் மூவரிடமும் தனித்தனியே போய், குண்டு குடைக்கடையைக் காட்டுவதைச் சொல்லி, பரிகாரமாக எதையாவது கட்டித் தருவதாகச் சொன்னார். பூசாரி வேண்டாம் என்றார். பாதிரியாரும் அப்படியே. "சொன்ன வாய்தான் மாத்திச் சொல்லணும்" என்று மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதில் மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது.

"மூணு பேரும் கூடிப் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று இமாமிடம் கேட்டார்.

"கூடிப் பேசி ஒரு தண்ணிக் குழாய் எங்க போடறதுன்னே பதினோரு வருஷமா முடிவு பண்ண முடியல மேஸ்திரி. இதுக்கு எதுக்குக் கூடணும்? என் வேதத்துலயும் இதான் இருக்கு, அவங்களதுலயும் இதான் இருக்கு" என்றார் இமாம்.

மேஸ்திரி நடுப்பகலில் குடைக்கடைக்குப் போனார். இடக்கையர் ஒரு குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"கம்பப் பிரிக்கச் சொன்னது நான்தான்" என்றார் மேஸ்திரி.

"தெரியும். பிரிச்சது நான்தானே."

"ஒம்பதாம் நாளு."

"அதுவும் தெரியும். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றதுக்கு ஒம்பது வருஷமா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." கம்பியைத் தட்டிப் பார்த்தார். "குடை ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப வெளிச்சத்த மறைக்காதீங்க."

மகன் பொறுப்பேற்கும் நாளில் சந்தை நிரம்பியிருந்தது. பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், தூணோரமாக, இடக்கையர் நின்றார். மேஸ்திரி குண்டை மகனிடம் கொடுக்காமல், திரும்பக் கட்டிய முகப்பின் கொக்கியில் தானே கட்டினார். அது எல்லோர் பார்வையிலும் நான்கு விரல் சாய்ந்து, ஆளைக் கைகாட்டுவதுபோல், இடக்கையரின் பக்கம் நின்றது. மேஸ்திரி நிமிர்ந்தே நின்றார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "கம்பப் பிரிக்கச் சொன்னது நான். இவர்மேல பழி போட்டது பொய்" என்றார், சிமெண்டு மூட்டைகளின் எண்ணிக்கை சொல்லும் குரலில். குண்டு மெல்ல இறங்கி, ஒருமுறை ஆடி, நேராக நின்றது. அதையே மகன் தொங்கவிட்டுக் காட்டியதாக ஊர் எடுத்துக்கொண்டது. பெஞ்சிலிருந்த மூவரும் எழுந்து, அன்று இன்னொரு வாய் திறந்தபோது கேட்காமல் போனது தங்கள் குற்றம் என்று இடக்கையரிடம் சொன்னார்கள்.

"இனிமேலாவது முழுசா உக்காந்து கேளுங்க" என்றார் இடக்கையர். அடுத்த வாரம் அவர் கம்பு கட்டப் போனார், புது மேஸ்திரியிடம், பதினான்கு நாள் கணக்கு தன் பொறுப்பில் என்ற நிபந்தனையோடு. குடும்பப் பெயர் பொறித்த வாசல் கற்களைப் பெயர்த்துவிடப் பெரிய மேஸ்திரியே முன்வந்தார். இருக்கட்டும் என்று மூன்று இடத்திலும் சொல்லிவிட்டார்கள். நடந்ததில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பது இன்றைக்குக் குடும்பத்தின் நிலைப்பாடு.

குண்டை யாரும் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் அது நேராகவே தொங்குகிறது. எப்போதாவது ஒரு பக்கம் சாய்ந்தால், சந்தைக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள். பூசாரியும் பாதிரியாரும் இமாமும் செருப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சண்டை போட்டபடியே, அது காட்டும் பக்கம் நடக்கிறார்கள்.