உள்ளே இறங்காத உலோகம்

ருக்ஸார் ஒட்டிய குழாய்கள் கசிகின்றன என்று செவ்வாய்க்கிழமை காலையில் சூப்பர்வைசர் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஓசூர் சிப்காட்டில், ஏசி இயந்திரங்களுக்குச் செம்புக் குழாய்கள் செய்து தரும் கம்பெனியில் நான்கு வருடமாக பிரேசிங் வேலை பார்க்கிறாள். ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் வாய்க்குள் செருகி, சுற்றிலும் நெருப்புக் காட்டி, ராடு என்கிற உலோகக் கம்பியை உருக்கி ஒட்டுகிற வேலை. கிருஷ்ணகிரி ஐடிஐயில் அவள் படித்த வருடம் வெல்டர் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அவள் கையில் நெருப்பு ஆடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கணக்கு வேறு சொன்னது. குழாய்களுக்குள் காற்றை அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது நாற்பதில் பதினொன்றிலிருந்து குமிழி கிளம்பியது. அவசரமாக வேலை செய்கிறாள், சூடு போதவில்லை என்று பதிவேட்டில் எழுதி, சூப்பர்வைசர் முனிராஜ் அவளைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார். மனிதர் மோசமில்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து வாடிக்கையாளரின் ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு.

அவளுடைய இடத்தில், அவளோடு பிரேசிங் செய்யும் ரூபா உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ரூபா ஒட்டியதிலும் ஒன்பது கசிந்தன. ரூபா கண்கலங்கிப் போய் பேக்கிங் பகுதிக்கு வந்து ருக்ஸாரிடம் சொன்னாள். கோளாறு கையில் இல்லை என்று தெரிய ருக்ஸாருக்கு அதுவே போதுமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எழுந்து போய், ஒதுக்கி வைத்த குழாய்களில் ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தாள்.

இரண்டு குழாய்களுக்கும் நடுவே தலைமுடி அளவுதான் இடைவெளி. உருகிய உலோகம் அந்த இடுக்கைக் கண்டால் தானாகவே உள்ளே ஓடும். குழாயைத் தலைகீழாகப் பிடித்தால் மேல்நோக்கியும் ஏறும். யாரும் தள்ள வேண்டியதில்லை. இங்கே அது வாயிலேயே நின்றிருந்தது, தாமரை இலைமேல் தண்ணீர் மாதிரி உருண்டை உருண்டையாக. சூடு போதாமல் இருந்திருந்தால் ராடே சரியாக உருகியிருக்காது. நன்றாக உருகியிருந்தது. ஆனால் செம்பைத் தொட மறுத்திருந்தது.

அவள் நேராக முனிராஜிடம் போனாள். பழைய ஸ்டாக்கிலிருந்து ஒரு குழாய், இந்த வாரம் கழுவி வந்ததிலிருந்து ஒன்று, ஒரு பக்கெட் தண்ணீர், ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பழைய குழாயைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். தண்ணீர் அதன்மேல் ஒரே படலமாகப் படிந்து நின்றது. புதியதை முக்கி எடுத்தாள். படலம் உடனே கிழிந்து, சொட்டுச் சொட்டாகச் சுருண்டு வழிந்தது.

"தண்ணியே இதும்மேல ஒட்டல சார். ராடு எப்படி ஒட்டும்?" என்றாள். "இதுல எண்ணெ இருக்குது. நெருப்பு காட்டுனா அது கருகிப் போயி செம்ப மூடிக்குது. நானு, ரூபா, யாரு ஒக்காந்தாலும் கசியத்தான் செய்யும்."

முனிராஜ் குழாயை வாங்கித் தானே ஒருமுறை முக்கினார். மறுபடியும் முக்கினார். பிறகு, குழாய்களைக் கழுவும் பகுதியைப் பார்க்கும் வெங்கடப்பனைக் கூப்பிட்டார்.

வெங்கடப்பன் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக விவரம் சொன்னார். குழாய் வளைக்கும் இயந்திரத்துக்குப் போன வெள்ளிக்கிழமை புது எண்ணெய் வந்திருந்தது, பழையதைவிடக் கெட்டி. கழுவுகிற தொட்டியில் மருந்தும் சூடும் பழைய அளவிலேயே இருந்தன. அளவை மாற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையே தொட்டியின் சூட்டைக் கூட்டி, மருந்தையும் அதிகமாகக் கலந்து நாற்பது குழாய்களைக் கழுவினார்கள். ருக்ஸார் ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகே எடுத்துக்கொண்டாள். தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, நெருப்பைப் பற்ற வைத்தாள். செம்பு சிவந்ததும் ராடைத் தொட வைத்தாள். உலோகம் பளபளவென்று விளிம்பைச் சுற்றி ஓடி இடுக்குக்குள் மறைந்தது. பாதியை அவள் ஒட்டினாள், மீதியை ரூபா. தொட்டியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

முனிராஜ் காலையில் எழுதியதை அடித்துவிட்டு, காரணத்தைப் புதிதாக எழுதி அவளிடம் நீட்டினார்.

"காலைல நான் அவசரப்பட்டுட்டேம்மா," என்றார்.

"ரூபா பேருலயும் எழுதியிருக்கீங்க சார்," என்றாள். அதையும் அடித்தார்.

மறுநாள் பெங்களூர்க்காரர் வந்தபோது முனிராஜ் அவளையே விளக்கச் சொன்னார். அவள் இரண்டு குழாய்களையும் அவர் கையிலேயே கொடுத்து முக்கிப் பார்க்கச் சொன்னாள். அவர் சட்டைக் கையெல்லாம் நனைந்தது. இந்தச் சோதனையைத் தினமும் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வருகிற குழாய்களையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பைத் தருவதாகவும், இனி மேஜை வேலைதான் என்றும் சொன்னார்.

"சோதிக்கறேன் சார். கையெழுத்தும் போடறேன்," என்றாள் ருக்ஸார். "ஆனா மேஜை வேணாம். நெருப்பு எங்கிட்டயே இருக்கட்டும்."

மேனேஜர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அவள் திரும்பிப் போனபோது, கழுவி வந்த முதல் டிரேயின் முன்னால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வெங்கடப்பன் காத்திருந்தார்.