வெறுந்தட்டின் எடை

ஒரு சங்கு தாய்ப்பாலுக்கு ஆவுடையப்பன் சொன்ன விலை ஐந்நூறு ரூபாய். கேட்ட வைஜெயந்தி சிரித்துவிட்டாள். மீனிலும் தாய்ப்பாலிலும் பிளாஸ்டிக் துகள் தேடச் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த ஆராய்ச்சிக்காரி அவள்.

"தானமால்ல கேட்டேன் அண்ணாச்சி."

"விலை சொல்லாத சரக்கு என் வாசப்படி இறங்காதும்மா. சொல்லியாச்சு, நீ படியலை. இனி சும்மா வாங்கிக்கோ."

அவர் மகள் திவ்யா பிள்ளை பெற்று, ஊருக்குள் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்த அவர் வீட்டில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கருவாடுதான் பால் சுரக்கும் மருந்து என்பது அந்த வீட்டுச் சட்டம். குடலோடு காய்ந்து குடலோடு வாய்க்குள் போகும் லாங் ஐலண்ட் நெத்திலி. கருவாட்டு வியாபாரி ஆவுடையப்பன் மூட்டைக்கு ஒன்றைப் பச்சையாகக் கடித்துப் பார்த்து, தேறியதை மகளுக்கு ஒதுக்குவார். அந்த நாக்குக்குத் தப்பிய கலப்படம் கிடையாது.

திவ்யா மனசோடு கொடுத்த பாலைக் கண்ணாடிக் குப்பியில் அவரே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அடுத்த வாரம் வைஜெயந்தி கூப்பிட்டாள். வெளியே உச்சி வெயில். ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கிய அறைக்குள் கிணற்று ஆழத்து இருட்டு. அவர் கடைக் கருவாட்டைக் கரைத்து வடிகட்டிய தாளில் சாயம் விட்டு நீல விளக்கைக் காட்டினாள். அந்தச் சாயம் பிளாஸ்டிக்கில்தான் ஒட்டுமாம். தாள் முழுக்கப் பொடிப்பொடியாய் மினுங்கும் கண்கள் திறந்தன.

"மிலாவட்! கலப்படம்! எவன் கலந்தான்? படகுக்கார நாகராஜா?"

"யாரும் கலக்கலை அண்ணாச்சி."

"கலப்படம்னா ஒருத்தனுக்கு லாபம் இருக்கணும்லா? மிளகுல பப்பாளி விதை, மல்லித்தூள்ல மரத்தூள், எல்லாத்துக்கும் பின்னால ஒரு கை உண்டு. இதுல கை எங்கே?"

ஆவுடையப்பன் தாளின் மேல் குனிந்து தேடினார். திருடனோடு பேரம் பேசலாம். திருடனே இல்லாத திருட்டில் யாரோடு பேச?

அடுத்த தாள், திவ்யாவின் பால். அதிலும் கண்கள்.

மூன்றாவது தாளில் வெறும் சுத்தத் தண்ணீர். அதிலும்!

"இது இந்த அறைக் காத்துல இருந்து விழுந்தது. இதைக் கழிச்சுட்டுத்தான் மத்ததைச் சொல்ல முடியும்."

தராசில் ஒன்றும் வைக்காமலே தட்டு இறங்கி நிற்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டார். எவ்வளவு நேரம்தான் அடக்குவது? விட்டார், இழுத்தார்.

"பால் குப்பி மூடிக்குள்ளே ஏதாவது வச்சீங்களா?" வைஜெயந்தி பால் தாளைத் திரும்ப எடுத்தாள்.

"கசியக் கூடாதுன்னு பாலிதீன் கவரைக் கிழிச்சு வச்சு இறுக்கினேன். கடையில எண்ணெய்க் குப்பிக்கு வைக்கிறதுதானே."

"ஐயோ அண்ணாச்சி!"

அவர் முகம் மலர்ந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன், இதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அப்போ பால்ல தெரியறது என் கவர்! தப்பு என்னோடது. கழிச்சிரும்மா, மொத்தத்தையும் கழிச்சிரு."

அவள் சாதா விளக்கைப் போட்டு நுண்ணோக்கியைத் திருப்பினாள். "உங்க கவர் வெள்ளைச் செதிலாத் தெரியுது. அதைக் கழிச்சிட்டேன். இந்த நூலை எப்படிக் கழிக்க?"

குனிந்து பார்த்தார். நீல நூல். வாங்கிய கருவாட்டை அவர் மறுபடி காயப்போடும் நைலான் வலையின் நீலம். விளக்குச் சூட்டில் அது மெல்ல நெளிந்து, ஆளைத் தெரிந்ததுபோல் அவர் பக்கம் திரும்பியது.

"பிள்ளையை என்ன செய்யும்?"

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா தாய்ப்பாலை மட்டும் நிறுத்திராதீங்க."

வீட்டில் திவ்யா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "நெத்திலி எங்கப்பா?"

"சரக்கு வரலைட்டி."

கடை நிறைய மூட்டை இருந்தது. பிள்ளை கண்ணை மூடிக் குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வைஜெயந்தி எண்ணிச் சொன்னதை வைத்து அவர் உதடு தானாகக் கணக்குப் போட்டது. பாலில் கண்டது பதினெட்டு. காற்றுக்குக் கழிவு ஒன்பது. கவருக்குக் கழிவு ஆறு. நிற்பது மூன்று. எவன் பேரில் பற்று எழுத?