சவாசனத்தில் சிவரஞ்சனி

மயிலாப்பூர்க்காரர்களைக் குப்புறப் படுக்கவைக்கலாம், தலைகீழாக நிறுத்தலாம், காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னால்கூட முனகிக்கொண்டே செய்து பார்ப்பார்கள். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டு ராகம் சொல்லாமல் சும்மா இருங்கள் என்றால் மட்டும், ஊஹூம், அது நடக்காது. ஜொவிட்டா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் சாந்தோம்காரி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள், யோகாவில் பித்துப் பிடித்து, நல்ல வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள். அண்ணன் ஷெல்டனுக்குக் கப்பலில் இன்ஜினியர் உத்தியோகம். ஊர் ஊராகத் துறைமுகத்தில் இறங்கி, கடைத்தெருவில் கண்ணில் பட்ட கேசட்டையெல்லாம் வாங்கி வந்து வீட்டில் கொட்டுவான். சீனத்துப் புல்லாங்குழல், பெரு நாட்டு மலைப்பாட்டு, ஆப்பிரிக்க மத்தளம் என்று அலமாரி நிரம்பி வழிந்தது. ஒருநாள் அதில் ஒன்றை ஓடவிட்டு ஜொவிட்டா ஆசனம் செய்து பார்த்தாள். மூச்சு தானாகப் போய்ப் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அடடா, இவ்வளவு சுகத்தை ஒருத்தியாக அனுபவிப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. அன்றைக்கே வகுப்பு ஆரம்பிப்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

இடத்துக்குத்தான் அலையோ அலை என்று அலைந்தாள். அடையாறில் ஒரு மொட்டைமாடி கிடைத்தது. மழை வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். முந்தின நாள் சாம்பார் வாசனையில் ஒருத்தருக்கும் மனம் குவியவில்லை. கடைசியில் மயிலாப்பூர் சபா ஒன்றின் மாடி ஹாலைக் கொடுத்தார் செக்ரட்டரி ஸ்ரீரங்கன். வருஷக்கணக்காக முதுகுவலியில் குனிந்தே நடந்தவரை ஜொவிட்டா ஆசனம் சொல்லிக்கொடுத்து நிமிர்ந்து நடக்கவைத்திருந்தாள். அந்த நன்றியில் மனிதர் கமிட்டியோடு மல்லுக்கட்டி வாங்கித் தந்தார். மரத்தரை, கிழக்கே பெரிய ஜன்னல்கள், காலையில் வேப்பமரக் காற்று. ஜொவிட்டாவுக்கு அந்த ஹால்மேல் காதலே வந்துவிட்டது.

ஆளும் சேர்ந்தது. ஆனால் வகுப்பின் கடைசியில், எல்லாரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அசையாமல் பாட்டுக்குத் தங்களைக் கொடுக்க வேண்டிய சவாசனம் இருக்கிறதே, அங்கேதான் வந்தது வினை. சீனத்துப் புல்லாங்குழல் கிளம்பினதுமே ஒரு மூலையிலிருந்து "மோகனம்!" என்று குரல் வரும். "போமய்யா, சுத்த சாவேரி!" என்று எதிர் மூலை எகிறும். ராயப்பேட்டையிலிருந்து வருகிற டாக்டர் ஹமீதுன்னிசா படுத்தபடியே ஸ்வரம் பாடிக் காட்டுவார். பிணம்போல் கிடக்க வேண்டிய ஆசனத்தில் பத்துப் பேர் தொடையில் தாளம் போட்டால் ஜொவிட்டா என்னதான் செய்வாள் பாவம்.

இந்த லட்சணத்தில் ஸ்ரீரங்கன் ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"ஜொவிட்டா, கமிட்டியில ஒரே ரகளை. சபா மாடியில சீமைப் பாட்டுப் போட்டுண்டு ஜனங்களைப் படுக்கவச்சிண்டிருக்கான்னு என்னை வறுத்து எடுத்துட்டா. ராகவேந்திரன் வர சனிக்கிழமை வந்து பார்க்கப் போறார். அவர் என்ன எழுதறாரோ, அதைப் பார்த்துட்டுத்தான் ஹாலைக் கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாளாம்."

ராகவேந்திரன் என்றால் சும்மாவா? 'மாட வீதி' வாரப் பத்திரிகையில் 'காதோடு' என்ற பகுதியை எழுதுகிறவர். அதில் அவர் பேனாவை எடுத்தால் பெரிய பெரிய வித்வான்களுக்கே காய்ச்சல் வரும். கச்சேரியில் யாராவது தூங்கி வழிந்தால் எந்த வரிசை, என்ன கலர் சட்டை என்றுகூடப் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்.

சனிக்கிழமை காலை, அவர் வருவதற்கு முன்பே ஜொவிட்டா எல்லாரையும் கூட்டிவைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க கால்ல விழறேன். இன்னிக்கு ஒரு நாள் ராகம்னு யாரும் வாயத் திறக்காதீங்க. இந்த ஹால் போச்சுன்னா எனக்கு வேற கதியில்ல."

"எங்க உயிரே போனாலும் மூச்சு விடமாட்டோம்" என்று ஸ்ரீரங்கன் சத்தியம் செய்தார். மற்றவர்களும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

டேப் ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஷெல்டனின் மனைவி கிளாடிஸ். "இன்னாத்துக்கு ஜோவி இப்படி நடுங்கறே? வர்றவரு மனுசன்தானே, சிங்கமா?" என்று நாத்தனாரைத் தேற்றினாள்.

ராகவேந்திரன் தேனாம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத வேஷ்டி, நெற்றியில் கோபம். உட்கார நாற்காலி எங்கே என்று சுற்றிலும் பார்த்தார்.

"நாற்காலி கிடையாது சார். படுத்தாத்தான் இது புரியும்" என்றாள் ஜொவிட்டா. எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஆச்சரியம், அங்கவஸ்திரத்தை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு பாயில் படுத்தார்.

ஆசனங்களெல்லாம் ஒழுங்காக நடந்தன. சவாசனம் வந்தது. ஜொவிட்டா யோசித்து யோசித்து ஒரு கேசட் எடுத்துவைத்திருந்தாள். ஜிபூட்டி துறைமுகத்தில் ஷெல்டன் வாங்கிய எத்தியோப்பியப் பாட்டு. ஒரு தந்தி வாத்தியம், ஒரு பெண்குரல். இது எந்த ராகத்திலும் மாட்டாது, யாருக்கும் நாக்கு அரிக்காது என்பது அவள் கணக்கு.

குரல் எழுந்தது. ஹால் முழுக்க அமைதி. ஸ்ரீரங்கன் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். ஹமீதுன்னிசா உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தாளம் போடுகிற கைகள் துடித்தன, ஆனால் எழும்பவில்லை. என் தங்கங்களே என்று ஜொவிட்டா மனதுக்குள் கொஞ்சினாள்.

"சிவரஞ்சனி!"

சொன்னது யார் என்கிறீர்கள்? சாட்சாத் ராகவேந்திரன்தான். கண்ணை மூடியபடியே, கையை உயர்த்தி, தீர்ப்புச் சொல்கிற குரலில்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. ஸ்ரீரங்கன் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "ஓய், தைவதத்தைக் கேளும்! அந்தத் 'த' கீழேன்னா நிக்கறது! இது எப்படி சிவரஞ்சனி ஆகும்?"

"எனக்கே தைவதம் சொல்லித் தரேளா?" என்று ராகவேந்திரனும் எழுந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, இதுக்கு நம்மகிட்ட பேரே கிடையாது" என்று டாக்டரம்மா பாடிக் காட்ட, ஹாலில் ஆளுக்கொரு ராகம் பறந்தது.

கிளாடிஸ் பக்கத்திலிருந்த டேப் ரெக்கார்டரை ஜொவிட்டா பட்டென்று நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகைக்கு முன்னால் கோபம் வந்து நின்றது.

"அந்தப் பொம்பள எங்கேயோ ஒரு ஊர்ல மனசு விட்டுப் பாடறா. அழறாளா, சிரிக்கிறாளா, யாரைக் கூப்பிடறா, ஒருத்தராச்சும் கேட்டீங்களா? பேரு வைக்கத்தான் ஓடறீங்க!"

எல்லாரும் திருட்டு முழி முழித்தார்கள். ராகவேந்திரன் முகம் சிவந்துபோயிற்று. ஹால் போய்விட்டது என்று ஜொவிட்டாவுக்கு நிச்சயமாகிவிட்டது. போனது போய்விட்டது, இனி பயந்து என்ன ஆகப்போகிறது? அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குள் இருந்த பி.டி. டீச்சர் முழித்துக்கொண்டாள். அடங்காத பிள்ளைகளை உட்காரவைக்க அவள் ஒருநாளும் பிரம்பைத் தூக்கியதில்லை. மைதானத்தில் ஓடவிட்டுக் கத்தவிட்டுவிடுவாள். தொண்டை வறண்டு வருகிற பிள்ளைகள் தாமாக உட்கார்ந்துகொள்ளும்.

"சரி, எல்லாரும் எழுந்து உக்காருங்க" என்றாள். "பாட்டை முதல்லேருந்து போடறேன். சண்டை போடுங்க. தாளம் போடுங்க. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம தீத்துடுங்க. அப்புறம் படுக்கலாம்."

போட்டார்களய்யா சண்டை! ஸ்ரீரங்கன் ஸ்வரம் ஸ்வரமாகப் பிட்டுப் பிட்டு வைத்தார். ராகவேந்திரன் தரையில் அடித்துத் தாளம் எண்ணினார், தப்பினார், மறுபடி எண்ணினார். கிளாடிஸ்கூட, "எங்க சர்ச் கொயர்ல இத்த விட உச்சமாவே பாடுவோம்" என்று ஒரு அடி பாடிக் காட்டிக் கைதட்டு வாங்கினாள். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து ஜொவிட்டாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் தைவதம் கொஞ்சம் குறைச்சல்தான் என்று ராகவேந்திரன் ஒப்புக்கொண்டார். எல்லாரும் களைத்துப்போய், சொல்லாமலே மல்லாந்து விழுந்தார்கள்.

பாட்டு மூன்றாம் முறையாக எழுந்தது. இந்தத் தடவை ஒரு விரல்கூட அசையவில்லை. வேப்பமரக் காற்று வந்து எல்லார் மேலும் தடவிக்கொண்டு போனது. எத்தனை நாளாக அவள் ஏங்கிய அமைதி அது! ஜொவிட்டாவுக்குச் சந்தோஷத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது கேட்டது ஒரு குறட்டை. நல்ல அழுத்தமான, காலப்பிரமாணம் தவறாத குறட்டை. ராகவேந்திரன்!

ஸ்ரீரங்கன் பதறி அவரை உலுக்கப் போனார். ஜொவிட்டா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தூங்கட்டும் சார். எத்தனை வருஷத்துத் தூக்கமோ."

விழித்ததும் ராகவேந்திரன் யாரையும் பார்க்கவில்லை. அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். 'மாட வீதி' வரும்வரை ஜொவிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும் பிரிக்கத் தைரியமில்லாமல் அண்ணியிடம் நீட்டினாள். கிளாடிஸ் உரக்கப் படித்தாள்:

"நிகழ்ச்சியின் பிற்பகுதியை விமர்சிக்க எனக்கு யோக்கியதை இல்லை. தூங்கிவிட்டேன். கச்சேரியில் தூங்கியவர்களை இதே பத்தியில் பெயர் சொல்லாத குறையாகக் கேலி செய்தவன் நான். அவர்கள் எல்லாரும் இன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று டீச்சர் கேட்டார். முதலில் எனக்குக் கேட்டது ராகம் மட்டும்தான். தூக்கம் வருவதற்குச் சற்று முன்னால், வீட்டுக்கு வராத யாரையோ அவள் தேடுவது கேட்டது. கமிட்டியார் ஹாலைப் பூட்டிவிட்டால் மிச்சப் பாட்டை நான் எங்கே போய்க் கேட்பது?"

கிளாடிஸ் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கமிட்டி மூச்சுக் காட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் எள் போட இடமில்லை. ராகவேந்திரன் கக்கத்தில் சொந்தப் பாயோடு வந்தார். முதலில் சண்டை, அமர்க்களமாக நடந்தது. பிறகு எல்லாரும் படுத்தார்கள். காவல் காக்க இனி அவசியமில்லை என்று ஜொவிட்டாவும் முதல் தடவையாகப் பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடினாள்.

அன்றைக்கு லிஸ்பனில் வாங்கிய போர்த்துக்கீசியப் பாட்டு. கிட்டார் இழைந்து வந்தது. ஒரு கிழவனின் குரல் மெல்ல ஏறிச் சுழன்று இறங்கியது. ஜொவிட்டா தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ அண்ணி! இது நம்ம மாதா தேர் வரும்போது பாடற பாட்டு! அந்த மெட்டேதான், கேளுங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. ராகவேந்திரன் மட்டும், கண்ணைத் திறக்காமலே, மிக நிதானமாகச் சொன்னார்:

"டீச்சர், சண்டை நேரம் முடிஞ்சுபோச்சு. படுங்கோ."

ஜொவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு படுத்தாள். சிரிப்பு அடங்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.