தட்டைப் பார்க்காத மேஜை

வெர்னா பன் தட்டை ஏந்திக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். மகன் கார்வினைப் புதைத்துவிட்டு வந்த கையோடு பரிமாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் உடைந்துவிடுவாள், அவ்வளவுதான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மூலை மேஜையில் மூன்று இளசுகள். ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"துக்கத்துக்குக் கட்டுச்சோறா? நம்ம பன் விஷமா என்ன?" என்றாள் நாத்தனார் எல்ஃப்ரீடா.

"சும்மா இருங்க அண்ணி. கார்வின் மாதிரிதான் அந்தப் பிள்ளைங்களும், பார்த்தாலே தெரியுது. ஆட்டிசம்."

அந்த மூவரில் டெஸ்ஸா என்று தன் பெயரைச் சொன்ன பெண், வெர்னாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "கார்வின் அம்மாதானே? வியாழக்கிழமை நாங்க சேர்ந்து சாப்பிடுவோம்."

"என் பையனா? மத்தவங்களோடயா?"

"ரெண்டு வருஷமா."

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு என்றுதான் அவன் சொல்லிப் போவான். போன வியாழன் திரும்பி வரும்போதுதான் பனிச்சாலையில் லாரி அடித்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவான். பிள்ளைக்கு ஒரு துணையில்லையே என்று அவள் அழாத நாளில்லை. இப்போது சந்தோஷப்பட வேண்டும். வயிறுதான் எரிந்தது.

"நானும் உட்காரட்டுமா?"

டெஸ்ஸா யோசித்தாள். "உட்காருங்க. யார் தட்டையும் பார்க்கக் கூடாது. சாப்பாட்டைப் பத்திப் பேசக் கூடாது. கார்வின் போட்ட சட்டம்."

உட்கார்ந்தாள். அவர்கள் ரயில்களைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்திலிருந்த லயல் என்ற பையன் வெறும் நூடுல்ஸில் பாதியை அப்படியே வைத்திருந்தான். மணிக்கட்டு குச்சி போலிருந்தது. அவள் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு வாய், ராஜா. அம்மாவுக்காக."

லயல் டப்பாவை மூடினான். பிறகு திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அப்படியே கார்வின்!"

"அவன் உங்களை மாதிரி இதைத்தான் பேசிக் காட்டுவான்," என்றாள் டெஸ்ஸா. "இதே குரல்ல. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிக்கும்."

வெர்னாவின் காது சூடேறியது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. லயலின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் கண்களை இறுக மூடியிருந்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான். "அவன் வந்த மாதிரி இருந்துச்சு."

எல்ஃப்ரீடா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா மேஜை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரே ஒரு வாய், ராஜா," என்றாள்.