வாசலில் நிற்க வேண்டிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோகுஜி தன் காரை வாசலிலிருந்து எடுத்துப்போய் ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வந்தவர் நேராகத் துடைப்பத்தை எடுத்தார். கார் நின்ற இடத்தில் கிடந்த பழுப்பு இலைகளைக் கூட்டித் தள்ளினார். தரையில் எண்ணெய் சொட்டிய கறை ஒன்று இருந்தது. அதை மழைத்தண்ணீர்க் கறை என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். தான் வேலை பார்க்கும் ஹோஷியாமா கம்பெனி வண்டி எண்ணெய் ஒழுகும் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? அந்த 'மழைத்தண்ணீர்' சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

எதிர்வீட்டு குமகாய் பல்குச்சியை மென்றுகொண்டே வேலியோரம் வந்து நின்றார். அதே கம்பெனியில் பெயின்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தெருச் சங்கத் தலைவர். வேலை போனாலும் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"என்னடா தோகுஜி, மந்திரி யாராவது வராரா?"

"என் பொண்ணைக் கேட்டு ஒரு பையன் வரான். தெரிஞ்சுக்கிட்டே கேட்டா எப்படி?"

"பையன் வரட்டும், வேணாங்கல. அவன் வண்டியுமா வரணும்?"

"வண்டியும்தான் வரும். இங்கதான், இதே வாசல்ல நிக்கும். நீயும் நல்லா கண் குளிரப் பாத்துக்கோ."

குமகாய் பல்குச்சியைத் துப்பிவிட்டு, "நீ திருந்தமாட்டடா" என்று சொல்லிப் போனார்.

விஷயம் இதுதான். தெருவில் பதினைந்து வீடு இருந்தால் பதினைந்து வாசலிலும் ஹோஷியாமா வண்டிதான் நிற்கும். ஹோஷியாமா தொழிற்சாலையை நம்பி வாழும் ஊரே அப்படி. வேறு கம்பெனி வண்டியில் வேலைக்கு வருகிறவன் தொழிற்சாலை வளாகத்துக்குள் நிறுத்த முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் நிறுத்திவிட்டுப் பாலம் வழியே நடந்து வர வேண்டும். அதிலும் கிழக்கே இருக்கும் பெரிய போட்டிக் கம்பெனியின் பெயரை இந்த ஊரில் யாரும் உச்சரிப்பதுகூட இல்லை. 'அவங்க' என்றால் போதும், குழந்தைக்கும் புரியும். தோகுஜியின் மகள் சிசுரு ஒசாகாவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரியோஹெய் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனுக்கு என்ன ஊர் என்று கேட்டால், சாட்சாத் 'அவங்க' ஊர். அவன் அப்பா வேலை பார்ப்பதும் 'அவங்க' தொழிற்சாலையில். ஓட்டுவதும், கேட்கவே வேண்டாம், 'அவங்க' வண்டிதான்.

தெருவே தோகுஜி என்ன செய்யப் போகிறார் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அவரோ வாசலைக் கூட்டி வைத்தார். அதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

ஹோஷியாமா கம்பெனி முதலில் கிணற்றுக்குப் பம்பு செய்த கம்பெனி. பிறகு மூன்று சக்கர வண்டி. உலகச் சண்டை முடிந்து ஊரே பசியில் கிடந்தபோது, இருந்த இரும்பை வைத்துச் சோற்றுப் பானை வார்த்தார்கள். இன்றைக்கும் இந்த ஊரில் பாதிச் சமையலறையில் அந்தப் பானை இருக்கிறது, தோகுஜியின் மனைவி மிட்சுயோவின் அடுப்படியிலும் ஒன்று. பின்னால்தான் கார். வழியில் நிற்காத வண்டி என்று நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். ஹோஷியாமா வண்டி நின்றுபோனால் ஓட்டினவன் மேல்தான் தப்பு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு குறை, எஞ்சின் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். பெட்ரோல் விலை தீயாக ஏறிய வருஷத்தில் அந்தக் குறை கழுத்தைப் பிடித்தது. விற்காத கார்கள் வரிசை வரிசையாக நிற்க, அடியில் புல் முளைத்துக் கதவு உயரம் வளர்ந்தது. கம்பெனி ஆளை வீட்டுக்கு அனுப்பவில்லை. எஞ்சின் பூட்டுகிற கையில் ஒரு பையைக் கொடுத்து, போய்க் கார் விற்றுக்கொண்டு வா என்று நாலா திசையும் அனுப்பியது.

அப்போது தோகுஜிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினானோ, அவரை அனுப்பிய இடம் 'அவங்க' ஊர்! புலிக் குகைக்குள் போய் பூனைக்குட்டி விற்கிற கதைதான். அந்த ஊர்க்காரர்கள் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு வார்த்தை வரும்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க, உங்க வண்டியைக் கொஞ்சம் தெருமுனைக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு வந்துடுங்களேன். அக்கம்பக்கத்துல பாத்தா ஒரு மாதிரியா இருக்கும்." இரண்டு வருஷம் தன் கம்பெனி வண்டியைத் தெருமுனையில் ஒளித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த நடை இன்னமும் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான், தன் வாசலுக்கு வருகிறவனுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான். ஆனால் அதைத் தெரு முழுக்கச் சொன்ன மனுஷன் மகளிடமும் அந்தப் பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். தெருமுனையில் திரும்பியது ஒரு சிவப்பு ஹோஷியாமா.

வேறு யாரோ என்றுதான் நினைத்தார். ஆனால் அது நேராக அவர் வாசலுக்கே வந்து நின்றது. ஒரு பக்கம் சிசுரு இறங்கினாள். மறுபக்கம் கருப்பு கோட்டும் டையுமாக நெட்டையாக ஒரு பையன், கையில் துணி சுற்றிய இனிப்புப் பெட்டி. முகமெல்லாம் பெருமையோடு குனிந்து வணங்கினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குமகாயின் கண் காரைப் பார்க்கவில்லை, நேராக எண் பலகைக்குத்தான் போயிற்று. வாடகை வண்டிக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நாட்டில் அந்த எழுத்தைத் தெரியாதவன் கிடையாது.

"வாடகை வண்டிடி!" என்று குமகாய் உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

தோகுஜிக்கு முகம் சுண்டிப்போயிற்று. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே மிட்சுயோ நல்ல காரியத்துக்குச் சமைக்கிற சிவப்புப் பயறு போட்ட சோற்றை ஏற்கெனவே வடித்து வைத்திருந்தாள். முழுசாகச் சுட்ட சிவப்பு மீன் தட்டில் வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தது. பையன் இன்னும் கேட்கவே இல்லை, இவள் பந்தியே போட்டுவிட்டாள். ரியோஹெய் பாயில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய வாசகத்தைச் சொன்னான்.

"சிசுருவை எனக்குக் கல்யாணம் பண்ணிக் குடுங்க ஐயா. நல்லபடியா பாத்துக்குவேன்."

தலை தரையைத் தொட்டபடியே இருந்தது. பதில் சொல்ல வேண்டியவர் டீயைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"உன் வண்டி எங்க?"

ரியோஹெய் தலை நிமிர்ந்தான். "ஐயா?"

"சொந்த வண்டி இருக்குல்ல? அது எங்க நிக்குது?"

"பக்கத்து ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல நிறுத்திட்டு, அங்க இதை வாடகைக்கு எடுத்துட்டு வந்தோம். உங்க ஊர்ல உங்க வண்டியிலயே வரணும்னு..."

"உங்க அப்பாவுக்கு என்ன வேலை?"

"கதவு பூட்டுற பிரிவு ஐயா. என் வண்டிக்குக்கூட அவர் கையாலதான் கதவு பூட்டினார்."

"அந்தக் கதவை ஸ்டேஷன்ல ஒளிச்சு வெச்சுட்டு வந்திருக்க. அப்பன் செஞ்ச வண்டியையே மறைக்கிறவன், நாளைக்கு என் பொண்ணுகிட்ட என்னென்ன மறைப்பான்?"

"அப்பா!" என்றாள் சிசுரு. கண்ணில் நீர் முட்டியது.

ரியோஹெயின் காது சிவந்தது. ஆனால் வாய் குழறவில்லை. "நான் மறைக்கலங்க. வாடகை வண்டி எடுத்துட்டுப் போன்னு சொன்னதே எங்க அப்பாதான். 'நம்ம வண்டி அவர் வாசல்ல நின்னா, அந்த மனுஷன் மறுநாள் வேலைக்குப் போய் எப்படிடா நாலு பேர் மூஞ்சியில முழிப்பார்'னு கேட்டார். அவருக்கு மட்டும் மனசு வலிக்கலையா? வலிச்சுது. உங்களுக்காகத்தான் சொன்னார்."

தோகுஜி எழுந்து விடுவிடுவென்று வாசலுக்குப் போய்விட்டார். பெண் கேட்டு வந்தவனைப் பதில் சொல்லாமல் பாயிலேயே விட்டுவிட்டு எழுந்து போவதா! அதைவிடப் பெரிய அவமரியாதை இந்த ஊரில் கிடையாது. பின்னாலேயே மிட்சுயோ கரண்டியும் கையுமாக வந்தாள்.

"என்னங்க இது? அந்தப் பையன் பொண்ணு கேட்டு வந்தானா, உங்க பெருந்தன்மையை ஊருக்குக் காட்ட வந்தானா?"

"உனக்குத் தெரியாது, நீ பேசாத."

"எனக்கா தெரியாது? கல்யாணமான நாள்லேர்ந்து தெருமுனைக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. அன்னிக்கு உங்க மானத்தைப் பத்தி அந்த ஊர்ல ஒருத்தன் யோசிக்கல. இன்னிக்கு அதே ஊர்க்காரர் ஒருத்தர் யோசிச்சிருக்கார். அவர் மகனைத்தான் இப்பப் பாயில காயப்போட்டுட்டு வந்திருக்கீங்க. உள்ள உங்க பொண்ணு அழுறா. இன்னிக்கு அவ அழுதுட்டுப் போனா, இந்த வாசலுக்கு எந்த வண்டியும் வராது, சொல்லிட்டேன்."

தோகுஜி கூட்டி வைத்த வாசலைப் பார்த்தார். அதில் நிற்கிற சிவப்பு வண்டியைப் பார்த்தார். முகம் தெரியாத ஒரு கதவு பூட்டுகிற ஆள், தன் வேலையைத் தானே ஒளித்து வைக்கச் சொல்லி மகனை அனுப்பியிருக்கிறார். அது எப்படி வலித்திருக்கும் என்று இந்தத் தெருவில் தோகுஜியைத் தவிர யாருக்குத் தெரியும்? வெட்கமாகப் போயிற்று அவருக்கு. ஹோஷியாமா வண்டி வழியில் நிற்காதுதான், ஆனால் அவர் புத்தி இன்றைக்கு நடுரோட்டில் நின்றுவிட்டது.

உள்ளே போய், "எழுந்திரு தம்பி" என்றார்.

சிசுரு பதறினாள். "அவரை வெளிய அனுப்பறீங்களாப்பா?"

"ஆமா. நானும் கூடப் போறேன். மீன் ஆறிடாம மூடி வைங்க."

சிவப்பு வண்டியை ரியோஹெய் ஓட்ட, தோகுஜி பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி பாலத்தைத் தாண்டியது. சிப்பி வளர்க்கும் மிதவைகள் கடலில் தெரிந்தபோது அவர் கேட்டார்.

"எப்படி இருக்கு எங்க வண்டி?"

"உண்மையைச் சொல்லட்டுங்களா?"

"பொய் சொன்னா இங்கயே இறங்கிடுவேன்."

"வளைவுல அப்படியே ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு திரும்புது. எங்க வண்டி இப்படித் திரும்பாது. ஆனா பெட்ரோல் முள்ளைப் பாத்தா வயித்தைக் கலக்குது ஐயா."

தோகுஜி வாய்விட்டுச் சிரித்தார். "அது எங்க பரம்பரை வியாதி!"

ஸ்டேஷனில் ரியோஹெயின் வெள்ளை வண்டி, தூசி தட்டித் துடைத்த பளபளப்போடு ஒரு மூலையில் நின்றது. வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ரியோஹெயிடம் தோகுஜி கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

"ஐயா, நீங்களா?"

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா?"

பிறந்ததிலிருந்து 'அவங்க' வண்டியில் அவர் பயணியாகக்கூட உட்கார்ந்ததில்லை. இருக்கையைச் சரி செய்தார். கதவை இழுத்து மூடினார். 'தப்' என்று ஒரே சத்தம், வெளியில் ரயில் போகிற இரைச்சல் அப்படியே அடங்கியது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். ரியோஹெய் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

சுற்றுவழி இருந்தும் அதில் போகாமல், தொழிற்சாலை வாசல் வழியாகவே வந்தார். காவலுக்கு நின்றவன் வண்டியைப் பார்த்தான், ஓட்டுகிற ஆளைப் பார்த்தான், பிளந்த வாயை மூட மறந்தான். தோகுஜி கையை ஆட்டிவிட்டுப் போனார். தெருவுக்குள் நுழைந்தபோது குமகாய் தன் வாசலிலேயே நின்றிருந்தார். அக்கம்பக்கத்து நாலைந்து தலைகளும் கூடவே இருந்தன. வாடகை வண்டிக் கதை சுற்றிவந்து முடிந்திருக்கும். கூட்டி வைத்த இடத்தில், நட்டநடுவாக, வெள்ளை வண்டியை நிறுத்தினார்.

சத்தம் கேட்டு சிசுரு வாசற்படிக்கு ஓடி வந்தாள். அவள் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

குமகாய் தெருவைக் கடந்து வந்து, வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். "அடேய், போற போது ஒரு வண்டி, வர்ற போது ஒரு வண்டி! இது யாரோடதுடா?"

தோகுஜி இறங்கி, கதவை ஒரு கையால் மெல்ல மூடினார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் சம்பந்தி செஞ்ச வண்டிடா. இந்தக் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பாரு. இந்த மாதிரி ஒரு கதவை நாம இன்னும் செய்யல."

குமகாய் கதவின் பக்கம் கையைக் கொண்டுபோனார். ரியோஹெய் அந்தப் பக்கம் இறங்கியவன், நின்ற இடத்திலேயே இடுப்பு வரை குனிந்தான், நிமிரவே இல்லை. சிசுருதான் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மா! அப்பா சம்பந்தின்னு சொல்லிட்டார்மா!"