நூற்றுப் பதினேழு டப்பா மங்கல்

காஜா எடுக்கிறவள், செத்துப்போன தன் அக்காவின் கண்களை ஈரத்துணியால் துடைத்தபோது, அவற்றிலிருந்த மங்கல் பாலாடை போலச் சுருண்டு துணியோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட மனம் வராமல் காலியாகக் கிடந்த பவுடர் டப்பா ஒன்றில் போட்டு மூடினாள். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை இருந்தது. குளிப்பாட்டுவதற்கு உதவியாக வந்திருந்த எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, தரையில் வைக்காதே, யாராவது மிதித்து வழுக்கி விழப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். பிறகு இருவரும் சேர்ந்து அக்காவின் தலையை வாரி முடிந்தார்கள்.

சட்டைக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஐந்து தெருக்களிலும் எல்லோருடைய பிழைப்பும் கண்ணை நம்பித்தான் இருந்தது. தங்கை சட்டைகளில் பொத்தான் துளைக்கு நூல் கட்டினாள். அதற்குப் பெயர் காஜா. அக்கா மாடியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டையில் பிசிறும் கறையும் தேடினாள். கடவுளே வந்து தைத்துக் கொடுத்தாலும் அக்கா அதில் ஒரு பிசிறு கண்டுபிடிப்பாள் என்று கம்பெனியில் பேச்சு. நாற்பது வயது தாண்டியதும் அங்கே ஒவ்வொருத்திக்கும் வெள்ளெழுத்து வந்துவிடும். ஊசியைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கோப்பார்கள். கை நீளமானவர்கள் இரண்டு வருஷம் கூடுதலாக வேலையில் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம் மேலாளர் கூப்பிட்டு, போதும், வீட்டுக்குப் போ என்பார். கண் டாக்டரைப் பார்ப்பதென்றால் இரண்டு பஸ் மாறி ஒரு முழு நாள் போக வேண்டும். அந்த ஒரு நாளில் உங்கள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் யாரும் போகவில்லை. கண் போவதை முடி நரைப்பது போல எடுத்துக்கொண்டார்கள்.

கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்தான் நலச்சங்கத்துக்கும் தலைவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று தட்டி கட்டினார். டாக்டர் வருவார் என்று சொன்னார்கள். வரவில்லை. கடைக்காரரின் மைத்துனர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் குச்சியால் தட்டி, தெரியுதா என்று கேட்டார். தெரியுது என்றவர்களுக்கும் தெரியவில்லை என்றவர்களுக்கும் ஒரே சாக்கிலிருந்து கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். சாக்கில் இருந்தவை எல்லாம் ஒரே நம்பர், எங்கேயோ விற்காமல் தங்கிப்போன சரக்கு. நூற்றுப் பதினேழு பேர் வாங்கிக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டு நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, தரை ஒரு சாண் மேலே எழும்பி நிற்கிறதே என்றாள். கடைக்காரர் கேமராவைப் பார்த்தபடியே, “பழகப் பழகச் சரியாயிடும்மா” என்றார். தங்கை தன்னுடையதை அன்றைக்கே கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டாள். அக்காவுக்கோ பிறர் சொன்ன சொல்லைக் கேட்கிற சுபாவம். பதினொரு நாள் தலைவலியோடு பழகினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு கட்டுச் சட்டையோடு கம்பெனி மாடிப்படியில் இறங்கும்போது, இல்லாத படியில் காலை வைத்தாள்.

அக்காவை எடுத்துக்கொண்டு போவதற்குச் சற்று முன்னால் கடைக்காரர் சங்கத்து ஆட்களோடு வந்து நின்றார். கம்பெனியிலிருந்து வந்த அக்காவின் சாமான்கள் ஜன்னலில் இருந்தன. மேலாக அந்தக் கண்ணாடி. அவர் அதை எடுத்து, மடக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடியிருந்தவர்களிடம், நாங்கள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா, ஜனங்கள் எங்கே கேட்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். தங்கை அப்போது தெருக்கோடியில், தண்ணீர்க் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கிட்டத்தில்தான் கஷ்டம், தூரம் துல்லியம். அவர் விரல் மோதிரத்தின் கல் வரைக்கும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் முறைப்படி எல்லாம் செய்து பார்த்தாள். மனு கொடுத்தாள். முகாமில் டாக்டர் பரிசோதித்ததாகக் கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் எதிர்வீட்டுக்காரியின் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் பரணிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து அம்மியில் வைத்து நசுக்கினாள். மறுநாள் காலையில் தன் கண்ணையே துடைத்துப் பார்த்தாள். வந்தது. இன்னொரு டப்பாவில் போட்டாள்.

பிறகு முகாமில் கண்ணாடி வாங்கியவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். துணியால் துடைத்துவிட்டால் பத்து நாள் பளிச்சென்று தெரியும், பதினோராவது நாள் பழையபடி மங்கல் படிந்துவிடும்; ஆனாலும் ஜனங்கள் சந்தோஷமாகக் கண்ணைக் காட்டினார்கள். பத்து நாளில் பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அரிசியில் கல் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். லாரி ஓட்டுபவரின் தூர மங்கல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரரின் கண்ணில் புரை முற்றியிருந்ததால் அது தயிர் ஆடை போல வந்தது. பெரிய டப்பா தேவைப்பட்டது. அவளைப் புண்ணியவதி என்றார்கள். அவள் அதை மறுக்கவில்லை. ஆனால் புண்ணியத்துக்காக அவள் ஒரு டப்பாவைக் கூட மூடவில்லை. அடுத்த மாதம் தபால்காரரை அவர் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். அன்றைக்கே அவருடைய டப்பா தானாகக் காலியாகிவிட்டது. கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது உள்ளே. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

கம்பெனி வேலையிலிருந்து நின்றுவிட்டு, கண்ணாடிக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முகாம் வரிசையில் நின்றபோதும் அவர் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் கொடியில் கிடக்கும் ஈரத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வது அவர் பழக்கம். முதல் நாள் அவள் துண்டில் லாரி ஓட்டுபவரின் மங்கலைத் தடவி வைத்தாள். அவர் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர்க்கடையின் பெயர்ப்பலகை கரைந்துபோயிருந்தது. மறுவாரம் காலர் தைக்கிறவளுடையது. பில் புத்தகம் எறும்புப் புற்றாகிவிட்டது. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று அவள் அவசரப்படாமல் வைத்தாள். அவர் தன் கடையில் இருந்த அத்தனை கண்ணாடியையும் போட்டுப் பார்த்தார். பெருநகரத்துப் பெரிய டாக்டர்களிடம் போனார். இருபது வயதுப் பையனின் கண் மாதிரி இருக்கிறதே, உங்களுக்கு என்ன குறை என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். சொந்த மைத்துனரை வாடிக்கையாளர் என்று நினைத்து வாங்க வாங்க என்றார். நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்து, சற்று ஓரமாக நில்லுங்கள் என்றார். அவள் தரையைத் துடைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அக்கா செத்த பிறகு சோறு ருசித்தது அந்த மாதங்களில்தான்.

கடைசியாக அக்காவினுடையதை வைத்தாள். அதில் அக்காவின் மங்கலோடு அந்தக் கண்ணாடி காட்டிய ஒரு சாணும் சேர்ந்திருந்தது. கடைக்காரர் முகத்தைத் துடைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். முதல் படியே ஒரு சாண் மேலே எழும்பித் தெரிந்தது. அதை நம்பிக் காலை வைத்தார். அடியில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டு ஒடிந்தது. அவள்தான் தூக்கி, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார வைத்தாள். யார் கொடுத்தது என்று தெரியாமல் அவர் வாங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு இனிமேலும் பொறுக்கவில்லை. துண்டில் வைத்ததையெல்லாம் சொன்னாள்.

“யாரும்மா நீ?” என்றார் அவர்.

“செக்கிங் மேசைக்காரியோட தங்கச்சி. சாவு வீட்டுக்கு வந்தீங்க. ஜன்னல்ல இருந்த கண்ணாடியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்க.”

அவர் ஒடிந்த மணிக்கட்டை மடியில் ஏந்திக்கொண்டார். “நீ அப்ப பக்கத்துல இல்லையே?”

“எனக்குத் தூரம் நல்லாத் தெரியும் சார்.”

என்ன வேண்டுமென்று கேட்டார். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள் அவள். ஒவ்வொருவருக்கும் அவரவர் கண்ணுக்குச் சரியான கண்ணாடி ஏற ஏற, அவரவர் பங்கு மங்கல் இவர் கண்ணிலிருந்து இறங்கும். அவ்வளவுதான் கணக்கு என்றாள்.

மனிதர் முதலில் தன் புத்தியைத்தான் காட்டினார். வேறு நம்பரில் இன்னொரு சாக்கு வரவழைத்து மைத்துனரை விட்டு விநியோகித்தார். அன்று சாயங்காலமே அவருக்கு நிறங்களும் போய்விட்டன. அதற்குப் பிறகு குறுக்குவழி தேடவில்லை. கடையின் பின்புறக் கிடங்கைக் காலி செய்து, கறுப்புத் திரை போட்டு, மெஷின் வாங்கி வைத்து, வியாழக்கிழமை தோறும் வரச் சொல்லி ஒரு பெண் டாக்டரை ஏற்பாடு செய்தார். டாக்டர் அதிகம் பேசாதவர். ஒருவரின் கண்ணுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். கடைக்காரரின் கதையைக் கேட்டுவிட்டு, எங்கள் படிப்பில் இதற்குப் பெயர் கிடையாது, ஆனால் நீங்கள் செய்கிற வைத்தியம் சரியானதுதான் என்றார். புரை உள்ளவர்களை வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் இடம் பறிபோகாமல் இருக்க வேண்டுமென்று காஜா எடுக்கிறவள் சொல்லிவிட்டதால், கடைக்காரரே சுவரைத் தடவித் தடவிக் கம்பெனிக்குப் போய் மேலாளர் அறையில் நான்கு நாள் உட்கார்ந்து அதற்குச் சம்மதம் வாங்கி வந்தார். நான்காவது நாள் மேலாளரும் சட்டையைக் கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்து விலைச்சீட்டைப் படிக்கிறவர்தான் என்பது தெரிய வந்து, அவருக்கும் ஒரு வியாழக்கிழமை கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் ஆயிற்று. லாரி ஓட்டுபவர் கண்ணாடி போட்ட அன்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகை திரும்பி வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் பதினாறு பேர் செக்கிங் மேசைக்கும் காஜாவுக்கும் திரும்பினார்கள். காஜா எடுக்கிறவளும் கடை வேலையை விட்டுவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் கண் அறைக்கு எதிரே வந்து நின்று பார்த்தாள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. கூடவே கடைக்காரரின் முகத்தில் வெளிச்சம் ஏறுவது பிடிக்கவில்லை. அதனால் வரிசையில் அவள் மட்டும் நிற்கவில்லை. எல்லோரும் முடிந்த பிறகும் தன் கண்ணைக் காட்டாமல் ஒரு வருஷம் ஓட்டினாள். அந்த ஒரு பங்கால் கடைக்காரருக்கு இன்னமும் ஊசி முனையும் பொடி எழுத்தும் தெரியவில்லை. அவளுக்கும்தான் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் காஜா எடுத்தாள். ஒரு நாள் ஊசி நகத்தில் ஏறி மறுபக்கம் வந்தது.

எதிர்வீட்டுக்காரி கட்டுப் போட்டுக்கொண்டே, “அந்த ஆளைக் குத்தறதா நினைச்சு உன்னையே குத்திக்கிட்டிருக்கியே. போதும்டி” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் போனாள். டாக்டர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, இரண்டு நம்பர் என்று எழுதிக் கொடுத்தார். கண்ணாடி மாட்டியதும் முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைகள் நிறைய இருந்தன. வெளியே பெஞ்சில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை அவள் தெளிவாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிழவராகியிருந்தார். ஒரு பக்கம் சரியாக மழிக்காத தாடி. இரக்கம் வருமோ என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை.

“எல்லாருக்கும் ஆயிடுச்சும்மா,” என்றார் அவர். “எல்லாம் தெளிவாத் தெரியுது. ஆனா தரை மட்டும் இன்னும் இறங்கலை.”

“அது அக்காவோடது.”

“அதையும் எடுத்துடும்மா. நான் என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன்.”

“மத்தவங்களுக்குச் செஞ்ச மாதிரிதான். அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க. டாக்டர் நம்பர் பார்த்துக் குடுப்பாங்க.”

அவளுக்கு மதிய மணி அடிக்கும் நேரமாகிவிட்டது, கம்பெனிக்கு நடந்தாள். அன்று பிற்பகல் அவள் எடுத்த காஜாக்களில் ஒன்று கூடச் செக்கிங் மேசையிலிருந்து திரும்பி வரவில்லை.

கண் அறை இப்போது வாரத்தில் மூன்று நாள் திறந்திருக்கிறது. வேறு டாக்டர்களும் வருகிறார்கள். கடைக்காரர் சமதரையில் வாய்க்கால் தாண்டுகிறவர் போலக் காலை ஒரு சாண் உயரத் தூக்கி வைத்துத்தான் நடக்கிறார். புதிதாகக் குடிவந்தவர்கள் காரணம் கேட்டால், தெருக்காரர்கள் கண் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். வாசலில் அவர் இரண்டு தடவை விழுந்த பிறகு, படியோரமாக ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தார்கள். புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு வருகிறவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.